மூன்று படம், மூன்று விதமான மங்கல்: பெரிய ஜூமைச் சோதிப்பது எப்படி?

நீங்கள் கேட்டது இதுதான். கையில் நிக்கான் டி5600 கேமரா இருக்கிறது, கூடவே அதோடு வந்த கிட் லென்ஸும் ஒரு 70-300 மி.மீ. ஜூமும். பறவைப் படத்துக்காகப் பெரிய ஜூம் ஒன்று வாங்க வேண்டும். நண்பர் தன்னுடைய சிக்மா 150-600 கன்டெம்பரரியை ஒரு வாரத்துக்குக் கொடுத்திருக்கிறார். வரும் சனி, ஞாயிறுக்கு நிக்கான் 200-500-ஐ வாடகைக்கு எடுக்கப் போகிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கலில் சிக்மாவை வைத்து எடுத்தவை எல்லாம் 600 மி.மீ.யில், அதாவது ஜூமை முழுதாக நீட்டியபோது, மங்கல் என்று சொல்லி, மூன்று படங்களையும் இணைத்திருக்கிறீர்கள். கடைசி வரி, 'இரண்டில் எது ஷார்ப்?' ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: 'லென்ஸ் சரியில்லையா, நான் சரியில்லையா என்றே புரியவில்லை.' நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அதற்கு விடை தெரியாமல் எந்த லென்ஸை வாங்கினாலும், ஆறு மாதத்தில் இதே கேள்வியோடுதான் திரும்பி வருவீர்கள்.

நான் 19 வருடமாகக் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவன். பறவை எல்லாம் முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான். லென்ஸைப் பிரித்து மேய்கிற மெக்கானிக் இல்லை. ஆனால் வாடகை லென்ஸ், இரவல் லென்ஸ், செகண்ட் ஹேண்ட் லென்ஸ் என்று நிறையக் கைமாறிப் பார்த்திருக்கிறேன். சோதிக்காமல் லென்ஸை வேலைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை ஒரு கல்யாணத்தில் கற்றேன். முதல் நாள் இரவுதான் ஒரு 17-50 வாடகைக்கு வந்தது, அப்படியே மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். கெட்டிமேளம் முழங்கி, தாலி ஏறி, அட்சதை விழுந்து எல்லாம் முடிந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், வாத்தியாரின் காது ஒவ்வொரு முடியும் எண்ணுகிற அளவுக்குத் தெளிவு. அவருக்கு இரண்டடி பின்னால் இருந்த மணமக்கள் முகம் மட்டும் பூசினாற்போல் இருந்தது. அந்த லென்ஸ் என் கேமராவில் சொன்ன இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஃபோகஸ் செய்துகொண்டிருந்தது. முதல் நாள் இரவே பத்து நிமிடம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, உங்கள் படங்களுக்கு வருவோம். மூன்றும் மங்கல்தான், ஆனால் மூன்றும் ஒரே மங்கல் இல்லை. முதல் படத்தில் தண்ணீருக்கு அப்பால் மரத்தில் சங்குவளை நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. நேரம் காலை 11.20. நேராக இருக்க வேண்டிய கிளையின் ஓரம் நெளிந்து நெளிந்து போகிறது, நாரையின் அலகு இரண்டாகப் பிரிந்தது போல் இருக்கிறது. அது லென்ஸும் இல்லை, நீங்களும் இல்லை, காற்று. வெயில் ஏறிய பிறகு தரையும் தண்ணீரும் வேறுவேறு அளவில் சூடாகின்றன. அவற்றுக்கு மேலே சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து அலைகின்றன, அதைத் தாண்டி வரும் ஒளி வளைந்து வளைந்து வருகிறது. மத்தியானத் தார்ச்சாலையில் தூரத்தில் தண்ணீர் தேங்கியது போல் மினுங்குமே, அதே சமாச்சாரம். 55 மி.மீ. லென்ஸில் இது கண்ணுக்கே தெரியாது. 600 மி.மீ.யில் நூறு மீட்டர் தள்ளி இருக்கும் பறவையை எடுக்கும்போது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் தப்பிக்க முடியாது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் போகாது, முக்காலியில் வைத்தாலும் போகாது. இதை உறுதி செய்துகொள்ள, அந்த நேரத்தில் தொடர்ச்சியாக எடுத்த ஏழெட்டுப் படங்களை வரிசையாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கிளை வேறு வேறு மாதிரி நெளிந்திருந்தால் காற்றேதான். மருந்து ஒன்றுதான்: சூரியன் ஏறுவதற்குள் போவது, இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பறவையை எடுப்பது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் பெரிய டெலி லென்ஸ் வாங்கி, 'சாஃப்ட்டாக இருக்கிறது' என்று விற்றுவிடுகிறவர்களின் படங்களைப் பார்த்தால், பாதிக்கு மேல் காலை ஒன்பது மணிக்கு அப்புறம், தூரத்தில், ஏரிக்கோ உப்பளத்துக்கோ குறுக்கே எடுத்தவையாக இருக்கும். கணக்கெடுத்துச் சொல்லவில்லை, என் அனுபவத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

இரண்டாவது படம் பறக்கும் கூழைக்கடா. அதன் மேல் தெறித்த நீர்த்துளிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளியாக இருக்க வேண்டியவை எல்லாம் ஒரே திசையில் சின்னச் சின்னக் கோடாக இழுத்திருக்கின்றன. ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 400-ல் ஒரு பங்கு. இது அசைவு. டி5600-ன் சென்சார் சிறியது, அதனால் 600 மி.மீ. லென்ஸ் அதில் 1.5 மடங்காகி, பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமராவில் 900 மி.மீ. காட்டும் பரப்பையே காட்டுகிறது. கையில் பிடித்து எடுக்க 1000-ல் ஒரு பங்காவது வேண்டும். பறக்கிற பறவைக்கு 2000-ல் ஒரு பங்கு. லென்ஸில் இருக்கும் ஆட்டத் தடுப்பு (சிக்மா இதை ஓ.எஸ். என்கிறது, நிக்கான் வி.ஆர். என்கிறது) உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் சமாளிக்கும், பறவையின் இறக்கையை அதனால் நிறுத்த முடியாது. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) 1600 வரை ஏற்றப் பயப்படாதீர்கள். குருணை விழுந்த படத்தைப் பிறகு கொஞ்சம் சரிசெய்யலாம், இழுத்துப்போன படத்தை எதுவும் செய்ய முடியாது.

மூன்றாவதுதான் எனக்குச் சுவாரசியமான படம். கரையோரம் நிற்கும் மடையான், பத்து மீட்டர் தூரம் இருக்கலாம். பறவையின் கண் மங்கல், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி இருக்கும் கோரைப்புல் கத்தி மாதிரி இருக்கிறது. அப்படியானால் கண்ணாடி நன்றாகவே வேலை செய்கிறது, காற்றும் அமைதியாக இருக்கிறது, கையும் ஆடவில்லை. ஃபோகஸ் மட்டும் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. 600 மி.மீ.யில், எஃப் 6.3-ல் (எஃப் எண் என்பது லென்ஸின் திறப்பு, அதாவது அப்பர்ச்சரின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது), பத்து மீட்டர் தூரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 7 செ.மீ.தான். மடையானின் அலகு நுனிக்கும் கழுத்துக்கும் நடுவிலேயே அது முடிந்துவிடும்.

இந்தத் தவறு யாருடையது என்பதைக் கண்டுபிடிக்க உங்களுடையது போன்ற டிஎஸ்எல்ஆர் கேமரா எப்படி ஃபோகஸ் செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். வ்யூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது, லென்ஸிலிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதி உள்ளே இருக்கும் மிரரைத் தாண்டிக் கேமராவின் அடிப்பக்கத்தில் இருக்கும் தனி ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. படம் பதிவாவதோ பின்னால் இருக்கும் வேறொரு சென்சாரில். இந்த இரண்டுக்கும் ஒளி போகும் தூரம் துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் அப்படித்தான் அமைத்து அனுப்புகிறார்கள், ஆனாலும் இந்தக் கேமராவும் அந்த லென்ஸும் சேரும்போது மயிரிழை வித்தியாசம் வந்துவிடும். லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையில் பார்த்து எடுக்கும்போது, அந்தப் பிரச்சினை இல்லை. படம் பதிவாகும் அதே சென்சாரை வைத்தே ஃபோகஸ் நடக்கிறது. மிரரே இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியவர்கள் இந்தத் தலைவலியை மறந்தே போனது அதனால்தான்.

ஆக, சோதனை இதுதான். மொட்டை மாடியிலோ நீளமான வராந்தாவிலோ பத்துப் பன்னிரண்டு மீட்டர் இடம் வேண்டும். ஒரு நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தை அட்டையில் ஒட்டி நிறுத்துங்கள், பொடி எழுத்துக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. பக்கத்திலேயே ஒரு அளவுகோலைச் சாய்வாக வையுங்கள், ஃபோகஸ் முன்னால் விழுந்ததா பின்னால் விழுந்ததா என்று அது சொல்லிவிடும். காலை வெயிலில் செய்யுங்கள், ஆனால் மாடித் தளம் சூடாவதற்கு முன். கேமரா முக்காலியில் இருக்கட்டும், ஆட்டத் தடுப்பு அணைந்திருக்கட்டும், டைமர் வைத்து எடுங்கள். முதலில் லைவ் வியூவில் திரையைப் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து நாலைந்து படம். இந்த லென்ஸால் முடிந்த உச்சம் அதுதான். அப்புறம் வ்யூஃபைண்டர் வழியாக, நடுப் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து ஆட்டோஃபோகஸில் பத்துப் படம். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தைக் கையால் கலைத்துவிடுங்கள், மாற்றி மாற்றி இரண்டு பக்கமும். கலைக்காவிட்டால் கேமரா முதலில் பிடித்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது ஒப்பிடுங்கள். லைவ் வியூ படம் தெளிவு, வ்யூஃபைண்டர் படம் பத்தும் ஒரே திசையில் தள்ளிப் போயிருந்தால், கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை, இதைச் சரிசெய்யலாம். பத்தில் மூன்று முன்னால், நான்கு பின்னால், மூன்று சரி என்று சிதறிக் கிடந்தால் அது ஃபோகஸ் அமைப்பின் தடுமாற்றம், திருத்தத்துக்குள் அடங்காது. டி5600-ஐப் பொறுத்தவரை, அதன் கையேட்டின்படி ஆட்டோஃபோகஸ் எஃப் 5.6-ம் அதைவிட அகன்ற அப்பர்ச்சரும் உள்ள லென்ஸ்களுக்கானது. சிக்மா 600-ல் 6.3. நல்ல வெளிச்சத்தில் பிரச்சினை இல்லாமல் வேலை செய்யும், மங்கிய வெளிச்சத்தில் முன்னும் பின்னும் தேட ஆரம்பிக்கும். இரண்டு படமும் மங்கல், லைவ் வியூ உட்பட என்றால்தான் கண்ணாடியைச் சந்தேகிக்க வேண்டும்.

இங்கே உங்கள் கேமராவால் வரும் ஒரு சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும், வாங்கும் முடிவை இது நேரடியாகத் தொடுகிறது. டி7000 வரிசையில் ஃபோகஸ் தள்ளிப்போவதைக் கேமரா மெனுவிலேயே திருத்தும் வசதி இருக்கிறது, டி5600-ல் இல்லை. சிக்மாவுக்கு யுஎஸ்பி டாக் என்று ஒன்று தனியாகக் கிடைக்கிறது. லென்ஸை அதில் பூட்டிக் கம்ப்யூட்டரோடு இணைத்து, நான்கு ஜூம் நிலைகளில் ஒவ்வொன்றுக்கும் நான்கு தூரங்கள் என்று 16 இடங்களில் நீங்களே திருத்தலாம். பொறுமையைச் சோதிக்கிற வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும், ஆனால் முடியும். நிக்கான் 200-500-க்கு அப்படி ஒரு டாக் கிடையாது. உங்கள் டி5600-ல் அது தள்ளி ஃபோகஸ் செய்தால், லென்ஸையும் பாடியையும் (கேமராவையும்) சேர்த்துச் சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஆகவே 200-500 வாங்குவதாக இருந்தால் உங்கள் பாடியைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போய், நீங்கள் வாங்கப்போகிற அதே பெட்டியைப் பிரித்து, அதே லென்ஸில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வாடகைக்கு வந்தது நன்றாக இருந்தது என்பது நீங்கள் வாங்குவதற்கு உத்தரவாதம் ஆகாது.

ஏனென்றால் ஒரே மாடலில் ஒரு லென்ஸ் போல் இன்னொன்று இருக்காது. அமெரிக்காவில் லென்ஸ்ரென்டல்ஸ் என்ற வாடகை நிறுவனத்தைத் தொடங்கிய ரோஜர் சிகாலா, ஒரே மாடலின் பல பிரதிகளை அளந்து இதைப் பல வருடம் எழுதிக் காட்டியிருக்கிறார். ஜூம் லென்ஸில் நகரும் பாகங்கள் அதிகம், அதனால் வித்தியாசமும் அதிகம். உள்ளே ஒரு கண்ணாடி மயிரிழை சாய்ந்தோ விலகியோ உட்கார்ந்திருந்தால், படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறு பக்கம் குழைந்தும் வரும். இதைக் கண்டுபிடிக்கச் செங்கல் சுவரைப் படம் எடுக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, கேமரா சுவருக்கு ஒரு டிகிரி கோணலாக நின்றாலே ஒரு ஓரம் மங்கிவிடும், லென்ஸ் மேல் பழி விழும். அதைவிட, அதே வரி விளம்பர அட்டையைப் படத்தின் நான்கு மூலைகளுக்கும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோங்கள், அதாவது கேமராவைத் திருப்பி. ஒவ்வொரு மூலையிலும் லைவ் வியூவில் புதிதாக ஃபோகஸ் செய்து எடுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தால் போதும். நடுவைவிட மூலைகள் கொஞ்சம் தளர்வாக இருப்பது எல்லா ஜூமிலும் உள்ளதுதான். மூன்று மூலை சரி, நான்காவது என்ன செய்தாலும் தெளியவில்லை என்றால் அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் மூன்று படங்களில் இந்த நோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் மூன்றிலும் பறவை நடுவில் இருக்கிறது, அதனால் 'இல்லவே இல்லை' என்று அவற்றை வைத்துச் சாதிக்க மாட்டேன்.

இந்தச் சோதனைகளை 600-ல் மட்டும் செய்து நிறுத்திவிடாதீர்கள். 150, 300, 450 என்று இரண்டு மூன்று இடங்களில் செய்யுங்கள், அப்பர்ச்சர் முழுதாகத் திறந்து ஒன்று, எஃப் 8-ல் ஒன்று. எஃப் 8-ல் திடீரென்று பளிச்சென்று மாறினால் முழுத் திறப்பில் அந்த லென்ஸ் கொஞ்சம் மெலிவு என்று வைத்துக்கொள்ளலாம். எஃப் 16-க்கு மேல் போக வேண்டாம், அங்கே விளிம்பு விளைவால் (சின்னத் திறப்பு வழியே வரும் ஒளி பரவிவிடுவதால்) எந்த லென்ஸும் மங்கும். இன்னொன்று, 600-ல் ஃபோகஸ் செய்துவிட்டு அப்படியே 300-க்கு ஜூமைக் குறைத்து எடுக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. சினிமாவுக்குச் செய்யும் ஜூம் லென்ஸ்கள் அதற்கு இடம் கொடுக்கும். நாம் வாங்கும் ஜூம்களில் பெரும்பாலானவை ஜூம் மாறினால் ஃபோகஸும் நகர்ந்துவிடும். ஜூமை மாற்றினால் மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள்.

நண்பரின் சிக்மாவில் 95 மி.மீ. யுவி ஃபில்டர் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அதைக் கழற்றுங்கள். ஒரு தடவை நான் ஒரு டெலி லென்ஸைச் சர்வீஸுக்கே அனுப்பிவிட்டேன், குறை ஏதும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், பரிசோதனைக் கட்டணத்தோடு. கடைசியில் பார்த்தால் லென்ஸோடு கடைக்காரர் தலையில் கட்டிய மலிவு ஃபில்டர்தான் வில்லன். நீளமான லென்ஸில் கோணல்மாணலான கண்ணாடித் துண்டு ஒன்று முன்னால் இருந்தால், படத்தில் தெளிவு போவதோடு வெளிச்சப் புள்ளிகளைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு மூட்டமும் வரும். பாதுகாப்புக்கு லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட் போதும்.

சரி, இரண்டும் சோதனையில் தேறிவிட்டால் எது? 500-க்கும் 600-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக நினைக்காதீர்கள். 500-ல் 1000 பிக்சல் உயரம் வரும் பறவை 600-ல் 1200 வரும், அவ்வளவுதான். 30 மீட்டரில் நிற்பவர் மெதுவாக 25 மீட்டருக்கு நகர்ந்தால் அதே பலன். எஃப் 5.6-க்கும் 6.3-க்கும் உள்ள இடைவெளியும் ஒரு ஸ்டாப்பில் (வெளிச்சம் இரட்டிப்பாகும் அளவு) மூன்றில் ஒரு பங்குதான். வெளிச்சக் கணக்கில் அது ஒன்றும் பெரிதில்லை, டி5600-ன் ஃபோகஸுக்குத்தான் 5.6 வசதி. எடையோ தினமும் உங்களைத் தொடும். சிக்மா 1.93 கிலோ, நிக்கான் முக்காலிக் காலரோடு (முக்காலியில் பூட்டும் வளையத்தோடு) 2.3 கிலோ. கடையில் ஐந்து நிமிடம் தூக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சனிக்கிழமை கரையில் இரண்டு மணி நேரம் கழுத்தில் தொங்கவிட்டு நடந்து பாருங்கள், அப்போது அந்த 370 கிராம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். நிக்கானின் ஜூம் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்ப ஒரே மணிக்கட்டுத் திருப்பு போதாது, பிடியை மாற்ற வேண்டிவரும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது பரவாயில்லை. தலைக்கு நேரே திடீரென்று வரும் கூழைக்கடாவுக்குப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

இத்தனைக்கும் மேல் என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அதிகம் நடக்காமல் ஓரிடத்தில் மறைந்திருந்து, விடியலின் மங்கிய வெளிச்சத்தில் எடுப்பவர் என்றால் 200-500. கூந்தன்குளம், பழவேற்காடு என்று தோளில் மாட்டிக்கொண்டு அலைபவர் என்றால் சிக்மா, கூடவே அந்த டாக்கும். இது என் ருசி. மேலே சொன்ன சோதனைகளுக்குக் கொடுக்கிற அளவு நம்பிக்கையை இதற்குக் கொடுக்க வேண்டாம். நண்பர் தன் சிக்மாவையே விற்கத் தயாராக இருந்தால், முன்பக்கமிருந்தும் பின்பக்கமிருந்தும் டார்ச் அடித்துப் பாருங்கள். நூலாம்படை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை, கடலோர ஊர்களில் பீரோவுக்குள் வைத்த லென்ஸ்களுக்குச் சீக்கிரமே வரும். நாலைந்து தூசி கிடப்பதை வைத்துப் பயப்படாதீர்கள், விலையைக் குறைக்க வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எந்த லென்ஸை எடுத்தாலும் அந்த வரி விளம்பரப் படங்களை அழித்துவிடாதீர்கள். எந்த ஜூம், எந்த அப்பர்ச்சர், எத்தனை மீட்டர் என்று ஃபோல்டர் பெயரிலேயே எழுதி ரா கோப்புகளாக (கேமரா பதிவு செய்தபடியே இருக்கும் மூலக் கோப்புகளாக) வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் பஸ்ஸில் பை கீழே விழுந்த பிறகு 'முன்பு இப்படித்தான் இருந்ததா?' என்று சந்தேகம் வரும், அன்றைக்கு அதே அட்டையை அதே மாடியில் நிறுத்தி எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.